கிந்தா மண்ணின் கதை – 7: பிரெஞ்சுக்காரர் வாங்கிய காகிதம்

சென்ற இதழில், 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் துரை குத்திக் கொல்லப்பட்டதையும், அந்தப் பழியில் சுல்தான் அப்துல்லா சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டதையும் பார்த்தோம். கொலை, தூக்கு, நாடுகடத்தல் என்று அரசியல் நடந்து முடிந்த பிறகு ஓசையில்லாமல் இன்னொரு வேலை தொடங்கியது. பேராக்கின் மண் யாருடையது என்று எழுதி வைக்கும் வேலை அது.

1885இல் கிந்தாவில் சுரங்க ஆய்வாளராக இருந்த ஆபிரகாம் ஹேல், தன் மாவட்டத்துச் சுரங்கங்களைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். பதிவேட்டில் இருந்தவை ஏறக்குறைய 500. அவற்றில் ஐரோப்பியக் கம்பெனிகள் நடத்தியவை மூன்றே மூன்று. ஏறத்தாழ 350 சுரங்கங்கள் மலாய்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உரிமை கொண்டாடி வந்தவை. ‘பூசாக்கா’, அதாவது பிதுரார்ஜிதம். ஈப்போவின் வரலாறு சீனத் தவ்கேக்களோடும் வெள்ளைக்காரத் துரைகளோடும் தொடங்குவதாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வெட்டுகிறவர் சீனராக இருக்கலாம். ஆனால் அவர் வெட்டிய குழிக்கு ஒரு மலாய் உடைமையாளர் இருந்தார். அவருக்குப் பங்கு போய்ச் சேர்ந்தது.

அந்த உரிமைக்குக் காகிதம் கிடையாது. பேராக்கின் பழைய வழக்கம் நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பழமரமோ வயலோ மனிதக் கை பட்ட வேறு அடையாளமோ இருந்தால் அது உயிருள்ள நிலம். அடையாளம் அழிந்து காடேறிவிட்டால் செத்த நிலம். யார் வேண்டுமானாலும் வெட்டித் திருத்தலாம். சுரங்கத்துக்கோ பரம்பரை நினைவே சாட்சி. அந்த நினைவைக் காத்தவர்களில் முக்கியமானவர் பாவாங். ஈயம் எங்கே கிடக்கும் என்று சொல்பவரும் அவர்தான், மண்ணின் ஆவிக்குப் படையல் வைப்பவரும் அவர்தான். சுரங்கத்துக்குள் அவரைத் தவிர வேறு யாரும் கறுப்புக் கோட்டு போடக் கூடாது, எலுமிச்சம்பழம் கொண்டு வரக் கூடாது, மீறினால் அபராதம். கோட்டும் கால்சட்டையுமாக வந்து இறங்கிய முதல் ஐரோப்பிய என்ஜினியர்களுக்கு இதையெல்லாம் யார் எப்படிச் சொல்லிப் புரிய வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த என்ஜினியர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பேராக்கின் ரெசிடென்டாக 1877இல் பதவியேற்ற ஹியூ லோ, முதலீட்டோடு வருகிறவர் எந்த நாட்டவராயினும் கதவைத் திறந்து வைத்தார். 1880இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சின் ஆய்வுப் பயணிகளாக இருவர் வந்தனர். ஒருவர் பிரோ தெ சென்-போல் லியா; அதற்கு முன்பே சுமத்ராவில் பிரெஞ்சுக் குடியேற்றம் ஒன்றுக்கு முயன்றவர். மற்றவர் எரிங்டன் தெ லா குருவா; பெயரின் முன்பாதி ஆங்கிலமாக ஒலித்தாலும் ஆள் பிரெஞ்சுச் சுரங்க என்ஜினியர். லியா ஊர் திரும்பி, பேராக்கையும் அதன் காட்டுப் பூர்வகுடிகளையும் பற்றி ஒரு பயண நூல் எழுதினார். தெ லா குருவா எழுதியது பேராக்கின் ஈயச் சுரங்கங்களைப் பற்றிய அறிக்கை. அதோடு அவர் நிற்கவில்லை. அறிக்கை வெளியான கையோடு ‘பேராக் ஈயச் சுரங்கக் கம்பெனி’ பிறந்தது. ஈப்போவுக்குத் தெற்கே லஹாட்டில் இறங்கியது. ஆய்வு அரசுச் செலவில், அறுவடை கம்பெனிக் கணக்கில். முன்னோடி என்று அவரைப் புகழும் எழுத்துகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைதான் கண்ணில் படுகிறது.

1884இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்தார், ஜாக் தெ மோர்கன். கிந்தாவின் ஆறுகளையும் மலைகளையும் அளந்து வரைபடம் தீட்டினார். பிற்காலத்தில் எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைமை தாங்கியவரும், பாரசீகத்தின் சூசாவில் அம்முராபியின் சட்டக்கல் வெளிவந்தபோது அந்த அகழ்வை நடத்தியவரும் இவரே. உலகின் மிகப் பழைய சட்டத் தொகுப்புகளில் ஒன்றை வெளிக்கொண்டு வந்த கைகள், அதற்குமுன் நம் கம்பார், கோப்பெங் பக்கம் அளவுச் சங்கிலி இழுத்திருக்கின்றன.

1886இல் ‘சொசியேத்தே தெஸ் எத்தான் த கிந்தா’ வந்தது. கிந்தா ஈயக் கம்பெனி என்று பொருள். 1880களில் பேராக் ஈயத்தை நம்பி மெல்பர்னிலும் ஷாங்காயிலும்கூடக் கம்பெனிகள் தொடங்கினார்கள். பெரிய பரப்பைக் கேட்டு வாங்கினார்கள், இயந்திரம் இறக்கினார்கள், சம்பளத்துக்கு மேனேஜர் வைத்தார்கள், சில ஆண்டுகளில் மூடினார்கள். பிரெஞ்சுக் கம்பெனி மட்டும் நின்றது. காரணம் இயந்திரம் இல்லை. தானே எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தை அது விட்டது; தன் நிலத்தில் சீனர்களைச் சீனர் முறைப்படி வெட்டவிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டது. மலாய் உடைமையாளர் எத்தனையோ காலமாகச் செய்து வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. மலாய்க் குடும்பத்தின் பங்குக்கு ஆதாரம் ஊரார் நினைவு. கம்பெனியின் பங்குக்கு ஆதாரம் முத்திரையிட்ட குத்தகைக் காகிதம்.

அந்தக் காகிதம் எப்படி அவ்வளவு பலம் பெற்றது? இங்கே ஒரு அப்பனையும் மகனையும் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பன் சர் பென்சன் மேக்ஸ்வெல், நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நீதிபதி. 1870இல் மலாக்காவிலிருந்து சாஹ்ரிப் எதிர் மிட்செல் என்ற வழக்கு அவர் முன் வந்தது. காட்டைத் திருத்திப் பயிரிட்ட குடியானவனுக்கு அந்த மண்ணில் உரிமை உண்டு, விளைச்சலில் பத்தில் ஒன்றை ஆள்வோருக்குச் செலுத்தும்வரை அவனை வெளியேற்ற முடியாது என்ற பழைய மலாய் வழக்கத்தை அவர் ஏற்றார்.

மகன் வில்லியம் எட்வர்டு மேக்ஸ்வெல் பேராக்கிலேயே அதிகாரியாக இருந்தவர். மலாய் மொழியிலும் வழக்கங்களிலும் கரை கண்டவர். 1884இல் மலாய் நில வழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அவர் எடுத்த முடிவு வேறு. மண்ணின் உடைமை ஆட்சியாளருடையது. குடியானவனுக்கு இருப்பது அனுபவம் மட்டும். ஆட்சியாளர் என்றால் சுல்தான். சுல்தானுக்கு ஆலோசனை சொல்பவர் ரெசிடென்ட். அந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும் என்பது பிரிட்டிஷார் பேராக்கோடு செய்துகொண்ட பங்கோர் ஒப்பந்தம். ஆக, காடும் மேடும் யார் கைக்குப் போயின என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மலாய் வழக்கத்தை இவ்வளவு ஆழமாகப் படித்தவர் கையாலேயே அது இப்படித் திரும்பியதுதான் எனக்கு வியப்பு.

மேக்ஸ்வெல் இன்னொன்றும் செய்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே 1858இல் தொடங்கிய டாரன்ஸ் பதிவு முறையைப் பார்த்து வந்தார். தமிழகத்தில் நிலம் வாங்கியவர்களுக்கு மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று என்று அலைந்த அனுபவம் இருக்கும். அங்கே அரசு பதிவு செய்வது பத்திரத்தை. விற்றவனுக்கு உரிமை இருந்ததா என்பதை வாங்குகிறவன்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். டாரன்ஸ் முறையில் பதிவேடுதான் உரிமை. அரசின் ஏட்டில் உன் பெயர் இருந்தால் நிலம் உன்னுடையது. இல்லாவிட்டால், தாத்தன் புதைந்த மண்ணாக இருந்தாலும் உன்னுடையது இல்லை. சிலாங்கூரில் இது 1891இல் சட்டமானது. பேராக்கில் 1897. இன்று நாம் ‘கிராண்டு’ என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் காகிதத்தின் பூர்வீகம் இதுதான்.

பாரிஸிலோ பிரஸ்ஸல்ஸிலோ இருக்கும் பங்குதாரருக்கு இதைவிட வசதியான சட்டம் வேண்டியதில்லை. கிந்தாவைக் கண்ணால் காணாமலே கிந்தாவில் நிலம் வைத்திருக்கலாம். ஏட்டை எழுதுகிறவரையே தெரியாத மலாய்க் குடும்பத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. சொந்தச் சுரங்கத்தைப் பதிவு செய்து எல்லை காட்ட வேண்டும். வேலை நடப்பதாகக் காட்ட வேண்டும். காட்ட முடியாதது அரசு நிலமாகும். 1895இல் பேராக்கின் சுரங்கச் சட்டத் தொகுப்பு வந்தபோது பூசாக்கா சுரங்கங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

உலகின் இன்னொரு மூலையில் பிரெஞ்சுக்காரர்களே அந்த மலாய்க் குடும்பத்தின் இடத்தில் நின்றிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் டெட்ராய்ட், வின்சென்ஸ், கஸ்காஸ்கியா என்ற ஊர்களில் அவர்கள் பழைய குடிகள். ஆற்றங்கரையில் குறுகிய முகப்பும் பின்னால் நீண்டு ஓடும் உடலுமாக, நாடா நாடாவாகப் பண்ணை பிரித்து வாழ்ந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி போய், பிரிட்டிஷ் ஆட்சி போய், அமெரிக்க ஆட்சி வந்தது. 1804இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த மூன்று ஊர்களிலும் நில அலுவலகம் திறந்து, பழைய உரிமை உள்ளவர்கள் வந்து நிரூபிக்கலாம் என்றது. தளபதி வாய்மொழியாகக் கொடுத்தார், பாட்டன் காலத்திலிருந்து உழுகிறோம் என்றெல்லாம் ஆணையர்களின் முன் நின்று சாட்சி சொன்னவர்கள் பிரெஞ்சுக் குடியானவர்கள். அவர்களும் அந்த மண்ணைச் செவ்விந்தியரிடமிருந்து எடுத்தவர்கள்தான் என்பது தனிக் கதை. அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டவர் பேராக்கில் காகிதத்தோடு நிற்க, சாட்சி தேட வேண்டியவர்கள் மலாய்க்காரர்கள்.

இனி பால்மரத்துக்கு வருவோம். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில், ஹியூ லோவின் வீட்டருகே நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் அன்றைய துரைமார் காப்பிப் பித்தில் இருந்தார்கள். 1890களின் இறுதியில் காப்பி விலை சரிந்த பிறகே ரப்பர் பக்கம் திரும்பினார்கள். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, காட்டைக் கொடு என்று நில அலுவலக வாசலில் கூட்டம்.

இந்த அலையில் வந்தவர் ஆன்றி ஃபொக்கோனியே. பிரான்ஸின் ஷராந்த் பகுதிக்காரர். போர்னியோவுக்குச் சென்று ஜவ்வரிசிப் பனை பயிரிடப் புறப்பட்டவர், வழியில் மலாயா ரப்பரைப் பற்றிக் கேள்விப்பட்டு 1905இல் இங்கேயே தங்கிவிட்டார். அவர் நிலம் பிடித்தது பேராக்கில் இல்லை. தெற்கே சிலாங்கூர் ஆற்றோரம், ரந்தாவ் பாஞ்சாங்கில். ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பெல்ஜியரான ஏட்ரியன் ஹாலேயின் பணமும் ஃபொக்கோனியேயின் நிலமும் ஒன்று சேர்ந்த வலைப்பின்னலிலிருந்தே, 1909இல் பிறந்த சோக்ஃபின் கம்பெனி மலாயாவில் வளர்ந்தது. அதன் தோட்டங்கள் பின்னாளில் பேராக்கின் தென்கோடியான சிலிம் ரிவர் வரை எட்டின. 1917இல் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டமாக ஃபொக்கோனியே போட்ட தென்னமாரம் தோட்டத்துக்கு நம் தென்னைமரமே பெயரானது. 1930இல் ‘மலேசி’ என்ற நாவலுக்காகப் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் பெற்றார். தமிழ்த் தொழிலாளிகள் வந்து போகும் நாவல் அது. அவர்கள் பால் வெட்டிய மண்ணின் உடைமையாளரே அவர்களைப் பற்றி எழுதினார் என்பதையும் மறக்காமல் அதைப் படிக்க வேண்டும்.

தொழிலாளியின் பங்குக்கு எவ்வளவு மண்? அதற்கும் சட்டத்தில் அளவு இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் இந்தியத் தொழிலாளிக்குக் காய்கறி போடவும் மாடு கட்டவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. நம் கணக்கில் ஆறேகால் செண்ட். அதுவும் சொந்தமாக இல்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை. லயத்து வீடும் அப்படியே. வேலை போனால் வீடு போகும், முருங்கையும் வாழையும் போகும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி கூட்டி வருவது 1938இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாம் பேச்சுவார்த்தைக்கு வந்தன. நிலம் மட்டும் பேச்சிலேயே இல்லை. காட்டை அழித்தவன் அந்த மண்ணில் உரிமை கேட்கலாம் என்ற பழைய மலாக்கா வழக்கம், கூலிக்குக் காடு அழித்தவனுக்குப் பொருந்தாது.

ஒரு விதிவிலக்கு உண்டு; அதிலும் பிரெஞ்சுக்காரர்களே வருகிறார்கள், அங்கி போட்ட பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸ் அந்நிய வேத போதக சபையின் பாதிரிமார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வடக்குப் பேராக்கின் கிரியான் மாவட்டத்தில் பாகான் சிராய் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். தோட்டக் கூலிகளாக இல்லாமல், விவசாயிகளாக. 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்தபோது அந்தப் பகுதி நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாகியிருந்தது. மலாயாவில் தமிழர் வயலில் இறங்கிய கதைகள் குறைவு. அதனால் கிரியானை நாம் இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஈப்போவிலும் அன்றைய பிரெஞ்சுத் தொடர்பு நின்று நிலைத்தது சபை நிலங்களில்தான். 1907இல் தொடங்கிய கான்வென்ட், 1912இல் லசால் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளி, தமிழர் கூடும் சிலிபின் லூர்து மாதா கோவில். ஈயக் கம்பெனியின் எல்லைக் கற்களைத் தேடினால் குளமாகிப்போன பழைய சுரங்கக் குழிகளான லம்பக்குட்டைகள்தான் கிடைக்கும்.

போருக்குப் பிறகு காகிதங்கள் கை மாறத் தொடங்கின. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. நாடு சுதந்திரத்தை நோக்கி நகர்ந்தது. லண்டனிலும் ஐரோப்பாவிலும் இருந்த பல உடைமையாளர்கள் விற்றுவிட்டுப் போவதே மேல் என்று முடிவு செய்தார்கள். தரகர் கூட்டம் ஒரு பெரிய தோட்டத்தை வாங்கும். பத்து ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று கூறு போட்டு விற்கும். இதைத்தான் நம்மவர்கள் தோட்டத் துண்டாடல் என்றார்கள். நிலம் துண்டானதும் கிராணி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, தண்ணீர்க் குழாய்க்குப் பொறுப்பாளி இல்லை. டாரன்ஸ் ஏட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு ஐம்பது பெயர்கள் எழுதப்பட்டன. அந்த ஐம்பதில் லயத்துக்காரர் பெயர் பெரும்பாலும் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டவர் சுங்கை சிப்புட்டுக்காரரான துன் வீ. தி. சம்பந்தன். ஏட்டில் பெயர் வந்தால்தான் உரிமை என்றால் தொழிலாளி பெயரை ஏட்டில் ஏற்றுவோம் என்பதே அவர் கணக்கு. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டலாம். மறுஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தோட்டம் தோட்டமாக இறங்கி, பால் வெட்டுக்காரர்களிடம் நின்று பேசி அந்தப் பத்து வெள்ளியைக் கேட்ட மந்திரி அவர். துண்டாடலின் வேகத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது கொஞ்சம்தான். ஆனாலும் ஃபொக்கோனியேக்கும் கிந்தா ஈயக் கம்பெனிக்கும் உதவிய அதே ஏட்டை, கூட்டாகப் பணம் போட்டுக் கூலிக்காரர்களும் பயன்படுத்த முடியும் என்று காட்டியது இந்த முயற்சி.

1966 ஜனவரி முதல் தேதி தேசிய நிலச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பிறகு அதில் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கூறு போட்டுப் பலருக்குக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். 1950களில் வந்திருக்க வேண்டிய பிரிவு அது.

பழைய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகும்போது இன்று எழும் வழக்குகளில் பல, மேக்ஸ்வெல் காலத்துக் கேள்வியையே கேட்கின்றன. மூன்று தலைமுறை படையல் வைத்த மாரியம்மன் கோவில் யார் கிராண்டில் இருக்கிறது? தமிழ்ப்பள்ளி நிற்கும் மண் அரசுடையதா, கம்பெனியுடையதா? மண் அரசுடையது இல்லையென்றால் அது முழு அரசுப் பள்ளி ஆகாது, பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நிற்கும். லயத்தை விட்டு வந்து புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்கும், பழைய லம்ப நிலங்களில் காய்கறி போடுகிறவர்களுக்கும் அதிகம் போனால் கிடைப்பது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்துவிட்டால் பிள்ளைக்கு வராது.

(தொடரும். அடுத்த இதழில்: ஈப்போ நகரை மனை மனையாகப் பிரித்த டத்தோ பங்லிமா கிந்தாவும் 1892ஆம் ஆண்டுத் தீயும்)